ஏப்ரல்லயே அடுத்த வகுப்பு புக்கை ஆரம்பிக்கலாமா? 1 முதல் 5 வரை எடுக்குற டீச்சர்ஸ், பெத்தவங்க வந்து பேசுங்க

வெண்ணாத்தங்கரை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளில வேலை பாக்குறேன். ஈராசிரியர் பள்ளி, 1, 2, 3 மூணும் என் ரூம்ல, 4, 5 ஹெச்.எம் ரூம்ல. மூணாம் பருவம் ஓடிட்டு இருக்கு, அடுத்த மாசம் ஆண்டுத் தேர்வு, அப்புறம் லீவு. போன எஸ்.எம்.சி, அதான் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, டவுன் ஸ்கூல்ல எல்லாம் அடுத்த வருஷ புக்கை இப்பவே ஆரம்பிச்சிட்டாங்களாம், நீங்க ஏன் டீச்சர் இன்னும் பழைய பாடத்தையே நடத்துறீங்கன்னு. கோவமா கேக்கல, புள்ள பின்தங்கிடுமோன்னு பயந்துதான் கேக்குறாங்க.

என்னைக் கேட்டா கடைசி ஆறேழு வாரத்துல புதுப்பாடமே வேணாம். ரெண்டாவது முடிச்சு மூணாவது போற புள்ளைக்கு கையில இருக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனா அந்தக் கொஞ்சம் கெட்டியா இருக்கணும். என் கிளாஸ்ல ஒரு பையன் இருக்கான், நல்ல சுறுசுறுப்பு, க கா கி கீ வரிசைய ஒரே மூச்சுல சொல்லுவான். தஞ்சாவூர் - திருவாரூர் பஸ் போர்டுல இருக்குற ஊர் பேரையெல்லாம் எழுதிப் போட்டு படிக்கச் சொன்னேன். நீடாமங்கலம் படிச்சிட்டான். கொரடாச்சேரி வந்ததும் "கெ... ர... ர... டா"ன்னு படிக்கிறான். என்னன்னு கிட்ட உக்காந்து பாத்தா, கொ-வுல பின்னாடி வர்ற துணைக்கால ர-ன்னு எடுத்துக்குறான். அதே கால டா-வுல சரியாப் படிக்கிறான் பாருங்க. முன்னாடி ஒரு கொம்பு பின்னாடி ஒரு கால், ரெண்டும் சேந்துதான் ஒரே எழுத்துங்கறது அவனுக்கு இன்னும் பதியல. இது வரிசையாச் சொல்லும்போது தெரியவே தெரியாது, வாய் தானா ஓடிடும். இவனுக்கு இப்ப மூணாம் வகுப்பு புக்கைக் கொடுத்தா என்ன ஆகும்? பாடத்தை நான் படிக்க அவன் திருப்பிச் சொல்லுவான், படிச்ச மாதிரியே இருக்கும்.

இன்னொண்ணு, பங்குனி மாசம் நம்ம பக்கம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். உளுந்து பயறு எடுக்குற நேரம். அம்மா வயலுக்குப் போயிட்டா தம்பிய பாத்துக்க இந்தப் புள்ளங்கதான். அதோட திருவாரூர் தேரு, மன்னார்குடி திருவிழான்னு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறது வேற. ஒரு நாள் வந்த புள்ள மறுநாள் வராது. அந்த நேரத்துல புதுப்பாடம் எடுத்தா பாதிப் புள்ளைக்குப் போயே சேராது. நீங்கல்லாம் கடைசி வாரங்கள எப்படி ஓட்டுறீங்க?

மன்னை அப்பா:
டீச்சர் நான் வேற பக்கத்துலருந்து சொல்றேன். என் பொண்ணு டவுன்ல மெட்ரிக்ல ரெண்டாவது. மார்ச் முதல் வாரமே போர்ஷன் முடிச்சிட்டாங்க, இப்ப மூணாவது மேக்ஸும் இங்கிலீஷும் ஓடுது. எனக்கு இதுல ஒண்ணும் தப்பாத் தெரியல. மூணாவதுல சூழ்நிலையியல் போயி அறிவியல் தனி, சமூக அறிவியல் தனின்னு ரெண்டா பிரியுது, திடீர்னு அஞ்சு புக்கு. ஜூன்ல மொத்தமா தலைல விழுறதுக்கு இப்பவே கொஞ்சம் பழகட்டுமே. அவளும் ஆசையாத்தான் செய்றா, "நான் மூணாவது கணக்கு போடுறேன்"னு பாட்டிகிட்ட சொல்லிட்டுத் திரியுறா. அந்த உற்சாகத்த ஏன் கெடுக்கணும்?

பாபநாசம் மூணாம் வகுப்பு:
மன்னை அப்பா சார், உங்க பொண்ணு ஆசையா செய்றது சந்தோஷம்தான். ஆனா ஜூன்ல அந்தப் புள்ளங்கள வாங்கிக்குற இடத்துல உக்காந்திருக்குறவ நான், அதனால சொல்றேன். முதல் வாரம் எல்லாருக்கும் 52-ல 27 கழிக்கச் சொல்லுவேன். நெறைய பேர் 35-ன்னு எழுதுவாங்க. 7-ல 2 போனா 5, 5-ல 2 போனா 3, அவ்ளோதான், எது பெருசோ அதுலருந்து சின்னத கழிச்சிடுறாங்க, மேல இருக்கா கீழ இருக்கான்னு பாக்குறதில்ல. அவங்களுக்கு 52-ங்கறது ஒரு எண்ணே இல்ல, பக்கத்துல பக்கத்துல நிக்கிற ரெண்டு எண்ணு. சிலபேர் மேல இருக்குற 5-ஐ அடிச்சு 4 போட்டு 2-க்கு முன்னாடி 1 போட்டு 25-ன்னு சரியா எழுதுவாங்க, அந்த 1 எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா "கடன் வாங்கினேன் மிஸ்"ம்பாங்க. எவ்ளோ கடன் வாங்குனன்னு கேட்டா "ஒண்ணு"ம்பாங்க. பத்து வாங்கிருக்கோம்னு தெரியாது. இவங்கதான் மூணு இலக்கத்துல நடுவுல சைபர் வந்தா மாட்டிக்கிட்டு நிப்பாங்க, 402-ல 157 கழின்னா அழுதுடுவாங்க.

இத சரி பண்ண ஏப்ரல் மாதிரி நல்ல மாசம் கிடையாது. தென்னை ஈர்க்குச்சிய விரல் நீளத்துக்கு ஒடிச்சு பத்துப் பத்தா வாழை நாருல கட்டி வச்சிருக்கேன். அஞ்சு கட்டு ரெண்டு குச்சிய கையில குடுத்து 27 எனக்குக் குடுன்னு கேப்பேன். ரெண்டு கட்ட உடனே குடுத்திடும், ஏழு குச்சிக்கு முழிக்கும், அப்புறம் தானா ஒரு கட்டப் பிரிக்கும். அந்தக் கட்ட அவங்க கையாலயே பிரிக்கணும், நாம பிரிச்சுக் காட்டக் கூடாது. பன்னெண்டு உதிரி இருக்கு, ஏழக் குடுத்துட்டு மிச்சம் ரெண்டு கட்டு அஞ்சு குச்சி. இத ஒரு வாரம் பண்ணிட்டுத்தான் நோட்டுல எழுதவே விடுவேன். ஜூலைல இதுக்கு நேரம் கெடைக்காது, அப்ப மூணாவது பாடம் தொரத்தும்.

கோரையாறு:
நான் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலரா 2021-லருந்து சாயங்காலம் புள்ளங்களுக்கு எடுத்தேன். டீச்சர் சொல்ற மாதிரியேதான், அஞ்சாவது படிக்கிற புள்ள கூட ஒளவையார் கதைய மனப்பாடமா சொல்லும், நடுவுல ஒரு வரிய கைய வச்சுக் காட்டி படின்னா நிக்கும். கொரோனால 1, 2 வீட்லயே போன பசங்க அவங்க. மேல மேல பாடம் ஏறிட்டே போச்சு, அடில இருந்தது ஓட்டையாவே இருந்துச்சு.

கும்மோணம் பழைய ஹெச்.எம்:
ரிட்டையர் ஆகி வருஷம் ஆச்சு, இருந்தாலும் இந்தப் பேச்சப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. உங்கள்ல சிலருக்கு செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கும், ஏ.பி.எல்-னு சொல்லுவோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல 2003 வாக்குல தொடங்கி 2007-08-ல மாநிலம் முழுக்க வந்துச்சு. அதுல ஏணின்னு ஒரு அட்டவணை, புள்ள எந்தப் படில நிக்குதோ அந்த அட்டைய எடுத்துக்கும், லீவு விட்டு வந்தா விட்ட அட்டைலருந்தே தொடரும். ஆயிரம் குறை சொன்னாங்க, அட்டை கிழிஞ்சு போகும், டீச்சர் அலமாரிக்கும் பாய்க்குமா அலையணும், எல்லாம் நெசம்தான். ஆனா அதுல ஒரு நியாயம் இருந்துச்சு, காலண்டர்ல தேதி மாறிட்டதால புள்ள மாறிடாதுன்னு ஒத்துக்கிட்ட முறை அது. இப்ப சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல வந்தப்பவும் அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சாங்களே, அதுவும் அதே எண்ணம்தான்.

வெண்ணாத்தங்கரை டீச்சருக்கு ஒண்ணு சொல்றேன்மா. உங்க ஸ்கூல்ல ரெண்டாவதுலருந்து மூணாவது போறது ஒரே ரூம்ல பாய மாத்திப் போடுறதுதான், டீச்சரும் நீங்களேதான், அதனால அங்க அவ்ளோ கவலை வேணாம். மூணாவதுலருந்து நாலாவதுக்கு ஹெச்.எம் ரூமுக்குப் போறப்போதான் உங்க மனசுல இருக்குறது எல்லாம் காணாமப் போயிடும். எமிஸ்ல, அதான் புள்ளங்க விவரம் ஏத்துற அரசு இணையதளத்துல, மார்க் இருக்கும், கிரேடு இருக்கும். கொம்பும் காலும் சேத்துப் படிக்கத் தடுமாறுறான்னு எந்த கிரேடுல இருக்கு? நான் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஏப்ரல் கடைசில ஒவ்வொரு டீச்சரும் ஒரு புள்ளைக்கு ஒரு அட்டைன்னு எழுதிக் குடுக்கணும்னு வச்சிருந்தேன். போஸ்ட் கார்டு அளவு, அதுக்கு மேல எழுதக் கூடாது. என்ன தெரியும், எங்க தடுமாறுது, எப்படிச் சொன்னா கேக்கும், வீட்டு நெலம என்ன. இந்த நாலுதான்.

காவிரிக்கரை:
இவ்ளோ பேச்சும் எதுக்கு, எல்லாத்துக்கும் காரணம் ஆல் பாஸ்தான். படிக்கலன்னா அதே கிளாஸ்ல போட்டா புள்ளையும் படிக்கும், பெத்தவங்களும் பயப்படுவாங்க.

பாபநாசம் மூணாம் வகுப்பு:
காவிரிக்கரை சார், ஏழு வயசுப் புள்ளைய ஃபெயில் போட்டா அது 402-ல 157 கழிக்கக் கத்துக்காது, ஸ்கூலுக்கு வராம இருக்கத்தான் கத்துக்கும். 2019-ல அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத் தேர்வுன்னு சொன்னப்போ எங்க ஊர்ல ஒரு அம்மா வந்து "அஞ்சாவதோட நிறுத்திக்கட்டுமா டீச்சர்"னு கேட்டாங்க. நல்லவேளை 2020 பிப்ரவரில அத ரத்து பண்ணாங்க. நிறுத்தி வைக்கிறதுன்னா அதே பாடத்த அதே மாதிரி இன்னொரு வருஷம் கேக்க வைக்கிறதுதானே, முதல் தடவை புரியாதது ரெண்டாந்தடவை எப்படிப் புரியும்?

பூண்டி ஆறாம் வகுப்பு கணக்கு:
திருத்துறைப்பூண்டி பக்கம் உயர்நிலைப் பள்ளில ஆறாவது, ஏழாவது கணக்கு எடுக்குறேன். எல்லாரும் ரெண்டு மூணு பத்தியே பேசுறீங்க, அஞ்சாவது முடிச்சு வர்றவங்கள பத்தி நான் சொல்லணும், ஏன்னா நிஜமான பெரிய மாத்தம் அங்கதான். சுத்தி இருக்குற ஊர்கள்லருந்து வர்றாங்க, சில புள்ளங்க அஞ்சு வருஷம் மொத்தமே ரெண்டு டீச்சரதான் பாத்திருக்கும். இங்க வந்தா முக்கால் மணி நேரத்துக்கு ஒரு பெல், பாடத்துக்கு ஒரு ஆளு, யார்கிட்ட ஒண்ணுக்கு போகணும்னு கேக்குறதுன்னு தெரியாம அடக்கிட்டு உக்காந்திருக்கும். நெசமாத்தான் சொல்றேன், முதல் மாசம் வயித்து வலின்னு லீவு போடுற புள்ளங்கள விசாரிச்சா பாதி இதான் காரணம்.

அடுத்து போர்டப் பாத்து எழுதுறது. ஒரு எழுத்து பாக்கும், ஒரு எழுத்து எழுதும், மறுபடி நிமிரும். "செவ்வகத்தின் சுற்றளவு" எழுத பத்து தடவைக்கு மேல நிமிருது. நான் கணக்கப் போட்டு முடிச்சு அழிச்சிடுவேன், அது தலைப்புலயே நிக்கும். அந்தப் புள்ளைக்கு கணக்கு வரலன்னு நாம எழுதிடுறோம், ஆனா அதுக்கு கணக்கே இன்னும் போய்ச் சேரல. அஞ்சாவது எடுக்குறவங்க கடைசி ஒரு மாசம் தினம் ரெண்டு வரி போர்டுல எழுதி, ஒரு தடவ பாத்து முழு வார்த்தையா மனசுல வாங்கிட்டு குனிஞ்சு எழுதுங்கடான்னு பழக்கினாலே எனக்கு எவ்வளவோ உதவி. ஆறாவது கணக்கு புக்க தயவு செஞ்சு யாரும் ஆரம்பிக்க வேணாம். வாய்ப்பாடு 10 வரைக்கும், ஒரு இலக்கத்தால வகுக்கிறது, பின்னம்னா முழுசுல ஒரு பங்குங்கற நெனப்பு, இது இருந்தா மத்தத நான் பாத்துக்குறேன்.

மன்னை அப்பா:
கணக்கு சார் சொல்றது ஏத்துக்குறேன். போர்டு விஷயம் நான் யோசிச்சதே இல்ல, இன்னிக்கு வீட்ல பாக்குறேன். பாபநாசம் டீச்சர் சொன்ன 52 - 27 என் பொண்ணுக்கு குடுத்தேன், 25 சரியா போட்டா, கடன் எவ்ளோன்னு கேட்டதுக்கு பத்துன்னும் சொன்னா. அதனால அவளுக்கு முன்னாடி போறதுல தப்பில்லன்னுதான் இன்னும் நெனைக்கிறேன். வந்துட்ட புள்ளைய ஏன் பிடிச்சு நிறுத்தணும்?

வெண்ணாத்தங்கரை டீச்சர்:
நிறுத்த வேணாம் சார். வந்துட்ட புள்ளைக்கு வேற வேலை குடுக்கலாம், அது அடுத்த புக்கா இருக்கணும்னு இல்லங்கறதுதான் நான் சொல்றது. என் ரூம்ல மூணு வகுப்பும் ஒண்ணா இருக்கறதால ஒரு வசதி, நல்லா படிக்கிற ரெண்டாவது பொண்ண ஒண்ணாவது புள்ளைக்கு கதை படிச்சுக் காட்டச் சொல்லுவேன். சின்னது "அப்புறம் என்னாச்சு, நரி ஏன் அங்க போச்சு"ன்னு கேக்கும்ல, அதுக்குப் பதில் சொல்ல இவ திரும்பப் போய்ப் படிப்பா. கணக்குல முந்திட்டவங்கள, 25 விடையா வர்ற மாதிரி நீயே ஒரு கழித்தல் கணக்கு உண்டாக்குன்னு சொல்லுவேன், கடன் வாங்குற மாதிரி ஒண்ணு, வாங்காத மாதிரி ஒண்ணு. உங்க பொண்ணுக்கும் குடுத்துப் பாருங்க, அவளுக்குப் பிடிக்கும்.

வாசிப்பு வேகம் பத்தி ஒருத்தர் எனக்கு தனியா கேட்டிருந்தாங்க, இங்கயே சொல்லிடுறேன். ஒன்றிய அரசோட அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நிபுண் பாரத் 2021-ல வந்தப்போ ரெண்டாவது முடிக்கிற புள்ள நிமிஷத்துக்கு 45-லருந்து 60 வார்த்தை, மூணாவதுக்கு குறைஞ்சது 60-ன்னு இலக்கு வச்சாங்க. வீட்ல சிலர் அத வச்சுக்கிட்டு மொபைல்ல டைமர் போட்டு புள்ளைய ஓட விடுறாங்க. தமிழ்ல 'பூ'ங்கறதும் ஒரு வார்த்தை, 'போய்க்கொண்டிருந்தார்கள்'ங்கறதும் ஒரு வார்த்தை, அதுல 12 எழுத்து. எந்தப் பாடத்த குடுக்குறோங்கறத பொறுத்து அதே புள்ளைக்கு கணக்கு தாறுமாறா மாறும். டைமர் வச்சா புள்ள கடைசி எழுத்த முழுங்கிட்டு ஓடும், வந்தான் வந்தாள் ரெண்டையும் ஒரே மாதிரி படிச்சிட்டுப் போயிடும். நான் கேக்குறது, படிச்சு முடிச்சதும் புக்கை மூடிட்டு யார் வந்தா, ஏன் வந்தான்னு அதுவே சொல்லுதா. அது போதும்.

வலங்கைமான் அம்மா:
எல்லாரும் பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க பேசுறீங்க, நான் எட்டாவது வரைக்கும்தான். எங்க பையன் ஒண்ணாவது முடிக்கப் போறான். லீவுல நாங்க ரெண்டு பேரும் பருத்திக் கொல்லைக்குப் போயிடுவோம், அவன் எங்க அம்மா வீட்லதான் இருப்பான், டியூஷன் வைக்க வசதி இல்ல. போன தடவை லீவு முடிஞ்சு வந்தப்போ பேரு எழுதக் கூட யோசிச்சான், அங்கன்வாடில கத்துக்கிட்டது எல்லாம் போச்சு. இந்த தடவை நான் என்ன பண்ணனும்னு யாராச்சும் சொல்லுங்க.

வெண்ணாத்தங்கரை டீச்சர்:
அக்கா நீங்க கேட்டதுதான் இந்த இழையிலயே முக்கியமான கேள்வி. 2025-ல வெயில் ஜாஸ்தின்னு 1 முதல் 5 வரைக்கும் ஏப்ரல் 17-க்குள்ள பரீட்சைய முடிச்சு விட்டுட்டாங்க, ஜூன் வரைக்கும் புக்கே தொடாம இருந்தா பெரியவங்களுக்கே மறக்கும். டியூஷன் வேணாம், நோட்டு வாங்க வேணாம். எட்டாவது படிச்சிருக்கீங்க, அதுவே தாராளம்.

பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது போர்டு படிக்கச் சொல்லுங்க, வலங்கைமான், குடவாசல், கும்பகோணம், எந்தப் பேரா இருந்தாலும் சரி. தப்பாப் படிச்சா திட்டாதீங்க, அந்த எழுத்த மட்டும் மண்ணுல எழுதிக் காட்டுங்க. ரேஷன் கடைக்குப் போனா போர்டுல அரிசி, சர்க்கரை, துவரம் பருப்பு எங்க எழுதிருக்குன்னு தேடச் சொல்லுங்க. பாட்டி வீட்ல கோயில் திருவிழா நோட்டீஸ் வந்தா அத அவன் கையில குடுங்க, சாமி பேரு தெரிஞ்ச பேரா இருக்கும், ஆசையா படிப்பான். ராத்திரி நீங்க வந்ததும் அன்னிக்கு என்ன பண்ணான்னு கேளுங்க, அவன் சொல்றதுல ஒரே ஒரு வரிய அவனையே எழுதச் சொல்லுங்க, "பாட்டி வீட்டு ஆடு குட்டி போட்டுச்சு" மாதிரி. பேச்சுத் தமிழ்லயே எழுதட்டும், இலக்கணம் பாக்காதீங்க. வாழைப்பழத்த வாளப்பளம்னு எழுதினா கூட பரவால்ல, நாம வாய்ல அப்படித்தானே சொல்றோம், அத ஜூன்ல நாங்க பாத்துக்குறோம். கணக்குக்கு, பருத்தி எடுத்த கூலி எண்ணும்போது பக்கத்துல உக்கார வைங்க, பத்து ரூபா நோட்டு எத்தன, சில்லறை எவ்ளோன்னு அவனே பிரிச்சு அடுக்கட்டும். 99 வரைக்கும் எண்ணத் தெரிஞ்சு, பத்துப் பத்தா அடுக்கத் தெரிஞ்சா ரெண்டாவதுக்கு தயார்.

வலங்கைமான் அம்மா:
இதெல்லாம் பண்ணலாம் டீச்சர். எங்க அம்மாவுக்கு படிக்கத் தெரியாது, அவன் படிச்சுக் காட்டினா சந்தோஷப்படும். ரொம்ப நன்றி.

கோரையாறு:
அக்கா, உங்க ஊர் நூலகம் திறந்திருந்தா அங்க சின்னப் புள்ளங்க கதை புக்கு கேட்டுப் பாருங்க. நான் எங்க ஊர்ல புள்ளங்கள கூட்டிட்டுப் போவேன், பெரிய எழுத்துல படம் போட்ட புக்குன்னா எடுத்தா வைக்க மாட்டாங்க.

பூண்டி ஆறாம் வகுப்பு கணக்கு:
பழைய ஹெச்.எம் அய்யா சொன்ன அட்டைய எங்களுக்கும் அனுப்ப முடியுமா? அஞ்சாவது டி.சியோட ஒரு புள்ளைக்கு ஒரு அட்டை வந்தா, முதல் மாசம் நாங்க ஆளாளுக்கு டெஸ்ட் வச்சுக் கண்டுபிடிக்கிறது மிச்சம். இன்னொரு வேண்டுகோள், பரீட்சை முடிஞ்சு கடைசி வேலை நாளுக்குள்ள ஒரு நாள் அஞ்சாவது புள்ளங்கள எங்க ஸ்கூலுக்கு கூட்டிட்டு வாங்க. கிளாஸ் எங்க இருக்கு, கழிப்பறை எங்க, தண்ணி எங்க, சத்துணவு எங்க உக்காந்து சாப்பிடணும்னு ஆறாவது புள்ளங்களே சுத்திக் காட்டுவாங்க. ஒரு பீரியடு நான் கணக்கு விளையாட்டு நடத்துறேன்.

கும்மோணம் பழைய ஹெச்.எம்:
அட்டைல ஒண்ணு மட்டும் கவனம். "மந்தம்", "கவனமில்லை", "சேட்டை" இந்த மாதிரி வார்த்தை எழுதவே கூடாது. வாங்குறவர் புள்ளையப் பாக்குறதுக்கு முன்னாடியே ஒரு முடிவுக்கு வந்துடுவார். என்ன நடந்துச்சோ அத எழுதுங்க. "பின் வரிசைல உக்காந்தா எழுத மாட்டான், முன்னாடி உக்கார வச்சா எழுதுவான்." "அப்பா திருப்பூர்ல, அம்மா மட்டும், நோட்டுல கையெழுத்து கேட்டா சங்கடப்படுவா." "கழித்தல்ல பெருசுலருந்து சின்னத எடுக்குறான், குச்சி குடுத்தா சரியா செய்றான்." இப்படி எழுதினா புது டீச்சர் ஜூன் முதல் நாளே வேலைய தொடங்கிடலாம். வீட்டு நெலம எழுதுறதால அட்டைய மேசை மேல போட்டு வைக்காதீங்க, கை மாத்திக் குடுங்க, ஜூலைக்கு அப்புறம் கிழிச்சுப் போட்டுடுங்க.

வெண்ணாத்தங்கரை டீச்சர்:
அய்யா, மூணாவது புள்ளங்களுக்கு இந்த வாரமே எழுத ஆரம்பிச்சிட்டேன், எங்க ஹெச்.எம்மும் அஞ்சாவதுக்கு எழுதுறேன்னுட்டாங்க. கொரடாச்சேரி பையன் ரெண்டாவதுதான், ஜூன்லயும் என்கிட்டயேதான் இருப்பான். அவனுக்கு கொ, சொ, தொ, பொ, மொ மட்டும் வர்ற சின்னச் சின்ன வாக்கியமா எழுதி தினம் காலைல சாப்பாடு முடிஞ்சதும் கொஞ்ச நேரம் உக்கார வைக்கிறேன், பொட்டு, தொட்டி, சொந்தம் படிச்சிட்டான், நாலெழுத்துக்கு மேல போனா இன்னும் தடுமாறுறான். பாபநாசம் டீச்சர், அந்த ஈர்க்குச்சி கட்டு ஒரு புள்ளைக்கு எத்தனை வச்சிருக்கீங்க?

பாபநாசம் மூணாம் வகுப்பு:
ஆளுக்கு ஒம்போது கட்டு, ஒம்போது உதிரி. அப்பதான் 99 வரைக்கும் வரும். நாரு காஞ்சா இத்துப் போகும், ரப்பர் பேண்டு போட்டுக்குங்க.